பரிசாக வந்த சீட் உறை

"பேட்டரியையே மாத்திடணும், மேடம்."

சர்வீஸ் சென்டர் மேனேஜர் இரங்கல் கூட்டத்துக் குரலில் சொன்னார். பல் டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன தடவை வெப்பநிலை சென்சார் பொய் சொல்கிறது என்று அதை மாற்றினார்கள். எச்சரிக்கை விளக்கு மறுபடியும் எரிந்தது. இப்போது பேட்டரியே கெட்டுவிட்டதாம். புதுசு வரும்வரை, பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற அவள் ஹைபிரிட் கார் இங்கே கிடக்கும். ஊருக்கு வெளியே அவள் கிளினிக் பூட்டிக் கிடக்கும்.

"ஒரு பல்லு வலிச்சா நான் தாடையையே கழட்டுறதில்ல சார்."

டை கட்டிய யார் பேசினாலும் தலையாட்டுகிற கணவர் அவள் முழங்கையைத் தொட்டார். "அவங்களுக்குத் தெரியாததாம்மா? கையெழுத்தப் போட்டுட்டு வா."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. சார், ராத்திரி பூரா இங்கதானே நின்னுச்சு வண்டி? பேட்டரிக்குள்ள இருக்கிற மூணு சென்சாரும் இப்ப என்ன காட்டுதுன்னு பாருங்க."

சென்டரின் எலக்ட்ரீஷியன் காரில் ஸ்கேனரைச் செருகினார். மூன்றும் ஒரே சூடு. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். மூன்றும் ஏறின, நடு சென்சார் எகிறியே விட்டது.

"பாத்தீங்களா, கோளாறு!" மேனேஜர் மலர்ந்தார்.

"ஆறிக் கிடந்தப்ப மூணும் ஒத்துப்போச்சே. அப்ப சென்சார் நிஜத்தத்தான் சொல்லுது. பேட்டரி சுடுது. ஏன் சுடுது?"

"பேட்டரிக்குக் குளிர்காத்து போற வழி பின்சீட்டுப் பக்கத்துலதான்," என்று எலக்ட்ரீஷியன் கையை விட்டுத் தடவினார். கையில் பட்டது துணி. தடித்த வெல்வெட். நிறுவன முத்திரை பதித்த சீட் உறை. முதல் சர்வீஸின்போது மேனேஜரே தன் திருக்கரங்களால் போர்த்தி, பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்ட பரிசு. அதற்குப் பிறகுதான் விளக்கே எரிய ஆரம்பித்தது.

உறையை உருவிவிட்டு ஓட்டினார்கள். சூடு அடங்கியது. விளக்கும் அணைந்தது.

அதற்குள் மேனேஜர் டேப்லெட்டில் தட்டிவிட்டார்: 'காற்று வழியை வாடிக்கையாளர் அடைத்திருந்தார்.'

"யாரு அடைச்சா?" அவள் குரலுக்கு ஷெட்டில் ஸ்பானர் சத்தம் நின்றது. "மூச்சு முட்டுதுன்னு கத்தின சென்சாரப் பிடுங்கிப் போட்டீங்க. இப்ப பழி எனக்கா? போர்த்தினது யாருன்னு எழுதுங்க. அப்புறம் கையெழுத்து."

வேர்க்க வேர்க்க மாற்றி எழுதினார். அவள் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டு, கணவரை ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். மேனேஜர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"மேடம், மன்னிக்கணும். எங்க நிறுவனத்தோட சின்ன அன்பளிப்பு..."

புத்தம் புது வெல்வெட் உறை.

கணவர் இரண்டு கையையும் நீட்டினார். அவள் அந்தப் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினாள்.