பிம்லா வீட்டுக்கு மேலே ஒரு சுவர்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சானமாவுக் காட்டு ஒற்றை யானை சொன்னவனை மிதிக்கட்டும். சூடம் அணைத்துச் சொல்லும் சேதி இது.

ஓசூரில் கியர் செய்யும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பார்த்துக்கொண்டிருந்த பேரிகை ஊர்க்காரன் முனிசாமி, 2004இல் இமயமலைக்கு வேலைக்குப் போனான். வெளிநாட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் அங்கே வந்து அரை வருஷம் படிப்பார்கள். காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் கிராம சேவை. சேவை என்பது ஒரு கல் சுவர். மலைச்சரிவு கீழே பிம்லாவின் வீட்டின்மேல் விழாமல் தாங்க வேண்டிய சுவர். பிம்லா புருஷனை இழந்தவள். இரண்டு குழந்தைகள், ஒரு கறவை மாடு.

பிள்ளைகள் கையுறை மாட்டிக் கட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள், பிம்லாவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு விமானம் ஏறுவார்கள். அடுத்த கூட்டம் வருமுன் சுவரைக் கலைத்துவைப்பது முனிசாமி வேலை. முதல் தடவை அவன் தயங்கி நின்றான். மேலாளர் அசோக்குமாரும் ஓசூர்க்காரர்தான்.

“கட்டின செவுத்தப் பாக்கவாய்யா அவ்ளோ தூரத்துலருந்து வராங்க? கட்டத்தான வராங்க.”

கலைக்க ஒன்பது நாள் ஆயிற்று. கம்பெனியில் பழகிய கைக்கு அது பொறுக்கவில்லை. கல்லுக்குக் கல் பெயிண்டில் எண் போட்டான். அப்புறம் ஒரே பகலில் கலைந்தது, மூன்றே நாளில் எழுந்தது. ஆறாவது கூட்டத்துக்குள் கற்களே பழகிவிட்டன. பஸ் ஹாரன் கேட்டால் நாற்பத்திரண்டாம் கல் தானாகப் போய் நாற்பத்தொன்றின்மேல் ஏறி உட்காரும்.

2007 ஜூனில் பிம்லா ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள். இந்த மழைக்கு மட்டும் சுவரை விட்டுவைக்க முடியுமா என்று கேட்டாள். முனிசாமிக்குப் பேசத் தெரிந்த இந்தி தலையாட்டல்தான். ஆட்டினான். மோரைக் குடித்தான்.

சாயங்காலம் அசோக்குமாரிடம் போய் நின்றான்.

“மழ முடியட்டும் சார். கீழ அந்தம்மா வூடு இருக்குது.”

“பதினெட்டாந்தேதி புள்ளைங்க வராங்க. மழ இருவத்தஞ்சுக்கு மேலதான். கலைக்க ஒரு நாளு, கட்ட மூணு நாளுன்னு ஆக்கினவனே நீதானய்யா.”

ஆக்கியவன் அவன்தான். பதினாறாம் தேதி கலைத்தான். அன்று தொடங்கியது பழையபடி ஒன்பது நாள் வேலையாக இருந்திருந்தால் மறுநாள் முக்கால் சுவர் நின்றிருக்கும். பதினேழாம் தேதி காலையில் மழை வந்தது. பிம்லா அடுப்படியில் இருந்தாள், குழந்தைகள் பக்கத்தில். மாடு மட்டும் மேலே மேய்ந்துகொண்டிருந்தது. சரிவு இறங்கிப் போன பிறகு பார்த்தால், எண் போட்டு ஓரமாக அடுக்கிய கற்கள் வரிசை குலையாமல் இருந்தன.

மறுநாள் பிள்ளைகள் வந்தார்கள். அசோக்குமார் திட்டத்தை மாற்றவில்லை. மூன்று நாளில் சுவர் எழுந்தது. அதன் கீழே காக்க எதுவும் இல்லை. கடைசிக் கல்லை மட்டும் முனிசாமி தரவில்லை. நூற்றுப்பன்னிரண்டாம் எண். துணியில் சுற்றிக்கொண்டு ரயில் ஏறினான். பேரிகையில் அவன் வீட்டுக் கொட்டகைக் கதவுக்கு முட்டாக அது கிடக்கிறது. மோர் யார் கொடுத்தாலும் குடிப்பதில்லை.

ஓசூர் கம்பெனியின் வருகைப் பதிவேட்டின்படி, 2004 முதல் 2007 வரை முனிசாமி ஒரு நாள்கூட லீவு போடாமல் பேக்கிங்குக்கு வந்திருக்கிறான்.