ஈஸ்டர் வரை குளிர்காலம்

காவேரிப் பாலத்தின் ஏற்றத்தில் கார் மறுபடியும் ஆரம்பித்தது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல இன்ஜினிலிருந்து அந்தச் சத்தம். பேட்ரிசியா ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சற்றே தூக்கினாள். சத்தம் அடங்கியது. கூடவே வேகமும் அடங்கியது. பின்னால் வந்த டவுன் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு டுடோரியல் காலேஜில் அவளுக்குப் பிற்பகலில் பிசிக்ஸ் வகுப்பு. தில்லை நகரிலிருந்து உச்சி வெயிலில்தான் கிளம்ப வேண்டும். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிடிவாதமாகக் கற்றுக்கொண்டு, எண்பத்து மூன்று ஜனவரியில்தான் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். யாரும் எதுவும் கேட்காத அந்தக் கொஞ்ச நேரப் பயணத்துக்காகவே மற்ற நேரங்களைப் பொறுத்துக்கொண்டாள் என்றுகூடச் சொல்லலாம். இப்போது அதற்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

"வண்டியை நீதான் கெடுக்கிறே. திங்கக்கிழமையிலேர்ந்து மூக்கன் ஓட்டட்டும். நீ பின்னால உக்காந்து போ," என்று அவள் கணவர் சவரிராயன் சொல்லிவிட்டார். டிரைவரிடமும் பேசி முடித்தாகிவிட்டது. தினமும் சர்ச்சுக்கு விடியற்காலைப் பூசைக்கு அதே காரில் போய் வருபவர் அவர். அவர் காதில் அந்தச் சத்தம் ஒருநாளும் விழுந்ததில்லை.

உறையூரில் நிஜாமுதீனின் பட்டறைக்குப் போனாள். காதாலேயே இன்ஜினை டியூன் செய்பவர் அவர்.

"பாய், பிளக் சீக்கிரம் பத்திக்குதுன்னு போன வாரம்தானே டைமிங்கைப் பின்னால தள்ளினீங்க?"

"தள்ளினேன் டீச்சர். மறுநாள் காலையில சார் வந்தாரு. வண்டியில இழுவையே இல்ல, பழைய இடத்துலயே வைன்னாரு. வச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க மதியம் வந்து ஒண்ணு சொல்றீங்க, அவரு காலையில வந்து ஒண்ணு சொல்றாரு. டைமிங் வைக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித் திருப்பி அதுக்குக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு. ரெண்டு பேரும் வீட்ல பேசிக்கவே மாட்டீங்களா?"

அவள் பானட்டை மூடிவிட்டுக் கிளம்பினாள்.

காலையில் ஒழுங்காக ஓடுகிறது, மதியம் தட்டுகிறது. இன்ஜினுக்குள் போகும் காற்று சூடாக இருந்தால், பிளக் மூட்டிய தீ பரவி முடிவதற்குள் மிச்சக் கலவை தானாகவே வெடித்துவிடும். அதுதான் அந்தச் சத்தம். இது அவளுக்குத் தெரியும். ஆனால் திருச்சி வெயிலில்தானே ஊரிலுள்ள எல்லாக் காரும் ஓடுகிறது?

மறுநாள் காலேஜ் லேபிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்துவந்து, ஏர் கிளீனர் காற்றை இழுக்கும் மூக்கில் கம்பியால் கட்டி ஓட்டிப் பார்த்தாள். வெளியே முப்பத்தாறு டிகிரி. மூக்கில் எழுபது. குனிந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மூக்கு வெளிக்காற்றின் பக்கம் இல்லை. புகை வெளியேறும் கொதிக்கிற குழாயை உரசினாற்போல் திரும்பியிருந்தது.

அன்று சாயங்காலம் சவரிராயன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏர் கிளீனரைச் சைலன்சர் குழாய் பக்கம் திருப்பி வச்சது யாருங்க?"

"நான்தான். குளிர்காலத்துல அப்படித்தான் வைக்கணும்."

"இது மார்ச் மாசம்."

"ஈஸ்டருக்கு மாத்துவேன். வாசல்ல கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுற அன்னிக்கு அந்தப் பக்கம், ஈஸ்டருக்கு இந்தப் பக்கம். எங்க சித்தப்பா இந்த வண்டியை வச்சிருந்தப்பவும் அப்படித்தான்."

"சித்தப்பா கொடைக்கானல்ல இருந்தாரு."

அவர் பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார். "இத்தனை வருஷம் தட்டலியே."

"இத்தனை வருஷம் வண்டி காலைப் பூசைக்கு மட்டும்தானே போச்சு."

"அதைத்தான் நானும் சொல்றேன். நீ ஓட்ட ஆரம்பிச்ச பிறகுதான்."

எழுபது டிகிரி என்று சொல்லிப் பார்த்தாள். தெர்மாமீட்டர் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். அதற்குமேல் பேசினால் கையிலிருந்த பலகாரத் தட்டைத் தூக்கி எறிந்துவிடுவோம் என்று தோன்றியது. அடுக்களைக்குள் போய்த் தட்டைக் கழுவி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாவியை அவர் கையில் கொடுத்தாள். "ஸ்ரீரங்கம் வரைக்கும் நீங்க ஓட்டுங்க."

பாலத்து ஏற்றத்தில் கூழாங்கற்கள் குலுங்கின. சவரிராயன், அவள் தூக்குவது போலவே காலைத் தூக்கினார். பின்னால் ஹாரன் அலறியது. அவள் ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலந்திருப்பான்," என்றார் அவர்.

மாம்பழச் சாலையில் நிழல் பார்த்து நிறுத்தச் சொன்னாள். பானட்டைத் திறந்து, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு நட்டைத் தளர்த்தி, மூக்கை மறுபக்கம் திருப்பி இறுக்கினாள்.

"கையைச் சுட்டுக்கப் போறே. ஈஸ்டருக்கு இன்னும் ரெண்டு வாரம்தானே?"

"நகருங்க. நான் ஓட்டறேன்."

அதே கார், அதே பெட்ரோல், அதே வெயில். காரைத் திருப்பி அதே பாலத்தில் ஏறும்போது காலை அழுத்தியே வைத்திருந்தாள். சவரிராயன் தலையைச் சாய்த்து, பாவசங்கீர்த்தனத்தில் பாவங்களைக் கேட்கும் பாதிரியாரைப் போல, இன்ஜினைக் கேட்டுக்கொண்டு வந்தார். கேட்க எதுவும் இல்லை.

சிந்தாமணி தாண்டியதும் அவர் பேச்சை ஆரம்பித்தார்.

"மூக்கன் நாளைக்கு வந்து நிப்பான்."

"ம்."

"அவன்கிட்ட என்னன்னு சொல்றது?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க. நீங்களே சொல்லுங்க."

சத்திரம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் கார் ஊர்ந்தது. அவர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார்.

"சரி, சொல்லிடறேன்," என்றார். பிறகு, "கொஞ்சம் மெதுவாப் போ" என்றார்.