இரண்டாம் கயிறு

எல்ஸ்பத் கணவனின் வேலைக் கோட்டுப் பைகளைத் துழாவிக்கொண்டிருந்தாள். கறுப்பு டையைக் காணோம் என்று ரோரி மாடியிலிருந்து கத்திக்கொண்டிருந்தான். டை இல்லை. உள்பையில் ஒரு மெழுகுவர்த்திதான் இருந்தது. புத்தம் புதிது, திரி வெள்ளை வெளேரென்று இருந்தது.

முன்னறையில் அவளுடைய அப்பா இன்னஸ் சவப்பெட்டிக்குள் கிடந்தார். செவ்வாய்க்கிழமை காலை, விஸ்கி ஆலையில் காலியான ஊறல் தொட்டியைக் கழுவ இறங்கியவர் உயிரோடு மேலே வரவில்லை. மூன்று ஆள் உயர மரத்தொட்டி. வாற்கோதுமை ஊறல் புளிக்கும்போது வரும் கெட்ட காற்று அடியில் தங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் எரியும் மெழுகுவர்த்தியைத் தகரக் குவளையில் வைத்து முதலில் கீழே விட வேண்டும். அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. அன்று மேலே காவல் நின்றவன் ரோரி. இறக்கிப் பார்த்தேன், நன்றாக எரிந்தது என்று போலீஸிடமும் பாதிரியாரிடமும் சொல்லியிருந்தான். எல்லோரும் நம்பினார்கள். அவளும்தான்.

அந்த ஆலையின் விஸ்கி ஐந்தே வருஷத்தில் புட்டிக்குப் போகிற இளசு. ஆனால் மூடியைத் திறந்தால் பேரிக்காய்க் கூடையைக் கவிழ்த்ததுபோல மணக்கும். மற்ற ஆலைகளில் இரண்டு நாள் ஊறுவது இங்கே நாலு நாள் ஊறும். அந்த வாசத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தங்கள் மூக்கின்மேல் அப்படியொரு கர்வம். தொட்டியில் கெட்ட காற்று போய்விட்டதா என்று முகர்ந்தே சொல்லிவிடுவார்களாம். சொல்லிச் செத்தவர்களின் பெயர்கள் கல்லறைத் தோட்டத்தில் வரிசையாக இருக்கின்றன.

ரோரி இறங்கி வந்தான்.

"டை கெடச்சுதா?"

"இது கெடச்சுது."

அவன் மெழுகுவர்த்தியைப் பார்த்தான். கதவைச் சாத்தினான்.

"உங்கப்பாதான் வேணாம்னாரு, எல்ஸ்பத். 'முப்பது வருஷ மூக்குடா இது, உன் மெழுகுவத்திய கத்தோலிக்கன் கோயிலுக்குக் குடு'ன்னாரு."

அப்பா சொல்லக்கூடியதுதான். அவர் குரலே கேட்டது. ஆனால் இல்லை என்று மறுக்க அவர் எழுந்து வரப்போவதில்லை.

"அப்புறம் ஏன் எரிஞ்சுதுன்னு சொன்ன?"

"வேற என்னத்த சொல்ல? வேலை போயிடும். திங்கக்கிழம அடுத்த தொட்டி கழுவணும். நானும் உன் தம்பியும்."

"யாரு உள்ள எறங்குறது?"

"ஃபின்லிதான்."

"மெழுகுவத்தி விடுவியா?"

"அவனுக்கு அப்பாவ விட நல்ல மூக்குன்னு ஆலையே சொல்லுது," என்றான் ரோரி.

"அவன்கிட்ட நீயே உண்மையச் சொல்லிடு. இன்னிக்கே."

"இன்னிக்கா? பெத்தவர மண்ணுல வெக்கிற நாள்லயா? சும்மா இரு."

மெழுகுவர்த்தியை அவள் கையிலிருந்து பிடுங்கிக் கணப்பில் எறிந்தான். தீ ஒருமுறை எம்பி அடங்கியது.

அந்த ஊரில் ஆண்கள்தான் குழிவரை போவார்கள். பெண்கள் வீட்டில் இருந்து தேநீரும் பன்றி இறைச்சியும் தயார் செய்ய வேண்டும். பெட்டி தெருமுனை திரும்பியதும் எல்ஸ்பத் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து மேஜைமேல் போட்டாள்.

"எங்கடி கெளம்பிட்ட? பொம்பளைங்க போற எடமா அது?" என்றாள் ஜெஸ்ஸி அத்தை.

"இன்னிக்குப் போறேன் அத்தை."

கல்லறைத் தோட்டத்தில், பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறுகள், நெருங்கியவர்களுக்கு மட்டும். தலைமாட்டுக் கயிறு மகனுக்கு, கால்மாட்டுக் கயிறு மருமகனுக்கு. பிடிக்க வேண்டியவன் பிடிக்கவில்லை என்றால் ஊர் காரணம் கேட்கும். அடக்கம் நடத்தும் மன்றோ பட்டியலை வாசித்தார்.

"ஒண்ணு, ஃபின்லி. ரெண்டு, ரோரி."

ரோரி கயிற்றை எடுத்தான். எல்ஸ்பத் அவன்முன் வந்து கையை நீட்டினாள்.

"குடு."

"எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

மன்றோ தொண்டையைச் செருமினார். பாதிரியார் புத்தகத்துக்குள் குனிந்துகொண்டார். ஆலைக்காரர்கள் அத்தனை பேரும் ரோரியையே பார்த்தார்கள். அவன் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் பின்னால் தள்ளிப் போனான்.

"ஏன்க்கா?" என்றான் ஃபின்லி, குழியின் அந்தப் பக்கத்திலிருந்து.

அவள் ரோரியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். பெட்டி இறங்கத் தொடங்கியது. கயிறு உள்ளங்கையை அறுத்தது. ஃபின்லி தன் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். அவன் குழியைப் பார்க்கவில்லை; அக்காவுக்குப் பின்னால் வெறுங்கையோடு நின்றவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.