தேன் நிறத்தில் இரண்டு கண்ணாடி

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளுக்குக் கொஞ்சம் பொய் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "உங்க முகத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று வாய் கூசாமல் சொன்னால்தான் வியாபாரம் நடக்கும். பள்ளியில் 'தபால்' என்று பெயர் வாங்கியவளுக்கு அது அப்போதே கைவந்த கலை.

மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஒரு ஓரம் 'கொசு' என்ற தோழி, மறு ஓரம் 'மலை' என்ற தோழி, நடுவில் இவள். எப்போது பார்த்தாலும் சிரிப்புதான். கடைசி வருட ரிலே ஓட்டத்தில் கொசு நீட்டிய கட்டை மலையின் கைக்குப் போகாமல் தரையில் விழுந்தது. நீ விட்டாய், நீதான் விட்டாய் என்று தொடங்கிய சண்டையில் பேச்சு நின்றுபோனது. "அந்தக் கழுதைகிட்ட என் காம்பஸைத் தரச் சொல்லு" என்று ஒருத்தி சீறினால், "பாவம்டி, அவளுக்குக் காம்பஸ் வேணுமாம்" என்று இவள் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

கொசு வக்கீலானாள். மலை பல் டாக்டரானாள். ஒரே ஊரில் இருந்தும் ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்காமலே காலத்தை ஓட்டிவிட்டார்கள். தபால் மட்டும் நிற்கவில்லை. "அவ உன்னை ரொம்ப விசாரிச்சாடி" என்று இரண்டு வீட்டிலும் மாறி மாறிச் சொல்லி வந்தாள். உண்மையில் யாரும் யாரையும் விசாரித்ததில்லை.

நாளைக்குப் பழைய வகுப்பு மொத்தமும் கூடுகிறது. இருவரும் வருகிறார்கள். நேருக்கு நேர் நின்று இரண்டு வார்த்தை பேசினால் போதும், குட்டு உடைந்துவிடும். இருக்கிற இரண்டு தோழிகளும் ஒரே நாளில் கைவிட்டுப் போகப் போகிறார்கள்.

நாளை வரைக்கும் போகவில்லை. சாயங்காலம் கொசு கடையில் உட்கார்ந்து புதுக் கண்ணாடியைப் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் சந்திக்காதபடி காலையிலேயே வரச் சொல்லியிருந்த மலை, அப்போது பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"காதுகிட்ட அழுத்துதுடி, கொஞ்சம் தளர்த்திக் கொடு."

அவள் மூக்கின் மேலும் அதே தேன் நிற ஃபிரேம்.

"ஒரே ஒரு பீஸ்தான் வந்துச்சு, உனக்காக எடுத்து வெச்சேன்னு சொன்னியே?" என்றாள் கொசு, தபாலைப் பார்த்து.

"என்கிட்டயும் அதேதான் சொன்னா" என்றாள் மலை, சுவரைப் பார்த்து.

வக்கீல் மூளை சும்மா இருக்குமா? கொசு நேராக மலையிடமே கேட்டாள்: "அப்போ மாசா மாசம் நீ என்னை விசாரிச்சது?"

"நான் எங்க விசாரிச்சேன்? நீதானே என்னை..."

"நானா? கனவுலகூட இல்ல!"

"என் கால் உடைஞ்சப்ப உன் பேர்ல பழக்கூடை வந்துச்சே?"

இரண்டு தேன் நிறக் கண்ணாடிகளும் ஒன்றாகத் தபால் பக்கம் திரும்பின. லென்ஸ் துடைக்கும் துணியால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! ஆப்பிள் புளிப்பா இருந்துச்சுன்னு உன்கிட்டயே அவளைத் திட்டினேனேடி!" என்றாள் மலை.

முதலில் கொசுவுக்குத்தான் சிரிப்பு பீறிட்டது, அதே பழைய கீச்சுச் சிரிப்பு. அடக்கப் பார்த்து முடியாமல் மலையும் குலுங்கினாள். இருவரும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று.

சிரிப்பு ஓய்ந்ததும், பழைய வழக்கப்படி மலை தபாலிடம், "அவங்கம்மா முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கேளு" என்றாள்.

சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"எதிர்லதானேடி உக்காந்திருக்கா? நீயே கேளு. இன்னையோட நான் ரிடயர்டு."

மலை ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கொசுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா எப்படிடி இருக்காங்க?"

"நடக்கறாங்க. நீ அன்னிக்கு ஓடினியே, அந்த வேகத்துல."

"ஒழுங்கா கட்டையை நீட்டியிருந்தா ஓடியிருப்பேன்!"

"நான் நீட்டினேன். நீதான் பிடிக்கல!"

சண்டை சூடு பிடித்தது. தபால் நிம்மதியாக மலையின் கண்ணாடியை எடுத்துக் காதுக் கம்பியைத் தளர்த்தத் தொடங்கினாள்.