நாலாம் நாள் மீன்குழம்பு

“உன்ரை மனுசன்தான் என்ரை மனுசனைக் கொலை செய்து கடலுக்கை—”

“கொலை செய்தவன் வீட்டை வந்து கஞ்சி குடிச்சிட்டுக் குறட்டை விடுவானோ? நீ சும்மா—”

“அவரின்ரை இரத்தச் சால்வை ஆரின்ரை வள்ளத்திலை கிடந்தது? அதைச் சொல்லடி தங்கமுத்து,” என்றாள் கமலாவதி.

“அந்த வள்ளமே கல்லிலை மோதி ரெண்டாய்க் கிடக்கு. தன்ரை வள்ளத்தைத் தானே உடைச்சு ஆரும்—”

“ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ,” என்றார் ஊர் அதிகாரியான விதானையார். “ஐயா வந்திட்டார்.”

மயிலிட்டிக் கரையே கமலாவதியின் முற்றத்தில் நின்றது. அவள் கணவன் கந்தப்புவைக் காணவில்லை. இன்று நாலாம் நாள். பிரேதம் கரையேறாவிட்டாலும் அது சாவீடுதான் என்று ஊர் தீர்மானித்துவிட்டது. தங்கமுத்துவின் கணவன் முருகேசுவைப் பூவரச மரத்தோடு கட்டியிருந்தார்கள். மத்தியானம் பொலிஸ் வண்டி வரும். கொலைக் குற்றத்துக்கு என்ன தண்டனை என்று தங்கமுத்துவுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

வந்த ஐயா செல்வரட்ணம், கொழும்பில் துப்பறியும் இன்ஸ்பெக்டர், பிறந்தது வல்வெட்டித்துறை. கொலைக்காக அவர் ஊருக்கு வரவில்லை. மறுநாள் கீரிமலையில், இறந்துபோன அவர் மனைவி பாலேஸ்வரியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. முப்பது நாள் தாடியோடு மடத்தில் இருந்தவரை விதானையார்தான் கெஞ்சிக் கூட்டிவந்தார். மடத்தில் தனியே இருந்து சுவரைப் பார்ப்பதைவிட இது மேல் என்று அவரும் வந்துவிட்டார்.

“முருகேசு, கந்தப்புவைக் கடலிலை போடுவன் எண்டு சொன்னனீரோ?”

“ஓம் ஐயா. வருசத்திலை நாலைஞ்சு தரம் சொல்லுறனான். அவரும் எனக்குச் சொல்லுறவர்.”

செல்வரட்ணம் முகத்தைத் தூக்கி மூச்சை உள்ளே இழுத்தார்.

“மீன் மணக்குது.”

“மயிலிட்டியிலை வேறை என்ன ஐயா மணக்கும்?” என்றார் விதானையார்.

“காயுற மீன் இல்லை. பழப்புளி விட்டு, வெந்தயம் போட்டுக் கொதிக்கிற குழம்பு. முப்பது நாளாய் மரக்கறி தின்னுற மூக்கு, விதானையார். பிழைக்காது.” அவர் கமலாவதியின் குசினியைக் காட்டினார். “அங்கையிருந்து வருது.”

அயலவர்கள் கொண்டுவந்த சோறும் கத்தரிக்காய்க் கறியும் படலையடியில் மூடியபடியே இருந்தன. சாவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. மீனென்றால் முப்பத்தொன்று கழியும்வரை பேச்சுக்கே இடமில்லை.

“ஆருக்குப் பிள்ளை குழம்பு?” செல்வரட்ணம் மெதுவாகத்தான் கேட்டார்.

“எனக்குத்தான்,” என்றாள் கமலாவதி.

கூட்டத்தில் ஒரு கிழவி காதைப் பொத்திக்கொண்டாள். “மனுசன் செத்து நாலாம் நாள் மீன் தின்னுறாளாம், முருகா.”

“அழுது களைச்சுப் போட்டாளாக்கும்,” என்றாள் தங்கமுத்து. “ஒரு துண்டு போதுமோ, சட்டியோடை வேணுமோ?”

கமலாவதியின் முகம் சிவந்தது. கொலைப்பழியை முருகேசு மேல் நாலு நாள் விட்டுவைத்தவளால் இந்தப் பழியை ஒரு நிமிடம் தாங்க முடியவில்லை.

“இஞ்சை வெளியிலை வாருமப்பா,” என்று குசினியைப் பார்த்துக் கத்தினாள். “என்ரை மானம் போகுது.”

கந்தப்பு நொண்டிக்கொண்டு வந்தான். காலில் கட்டு, விரலில் குழம்பு.

“கோவத்திலை இவன்ரை வள்ளத்தை அவிட்டு விட்டனான் ஐயா. கல்லுக்குப் போகுது எண்டு கண்டதும் எட்டிப் பிடிக்கப் பாத்தன், கல்லு காலை வெட்டிப் போட்டுது. சால்வையாலை சுத்தினன், அது வள்ளத்துக்கை விழுந்திட்டுது. முருகேசு அறிஞ்சால் விடமாட்டான் எண்டு ஒளிச்சன்.”

“நான் கொலை எண்டு முதல் சொல்லேல்லை,” என்றாள் கமலாவதி. “காணேல்லை எண்டு அழுதன். மிச்சத்தை ஊர் சொல்லிச்சுது.”

“மரக்கறி தந்திருக்கலாமே, பிள்ளை?” என்றார் செல்வரட்ணம்.

“மீனில்லாமல் உவருக்குச் சோறு இறங்காதையா.”

“கயித்தை அவிழுங்கோ விதானையார்,” என்றான் மரத்தடியிலிருந்து முருகேசு. “கந்தப்பண்ணையை இப்ப உண்மையாய்க் கடலிலை போட்டிட்டு வாறன்.”

“முதல் வள்ளத்தைக் கட்டித் தாறன்,” என்றான் கந்தப்பு. “பிறகு அதிலை ஏத்திக்கொண்டு போய்ப் போடு.”

முற்றம் சிரித்தது. செல்வரட்ணமும் சிரித்துவிட்டார். கயிறு அவிழ்ந்ததும் தங்கமுத்து கணவனிடம் போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே செல்வரட்ணத்திடம் வந்தாள்.

“நாளைக்கு அந்தியேட்டி முடிய, நாளையிண்டைக்கு எங்கடை வீட்டை சாப்பிட வரவேணும். உங்கடை வீட்டிலை அக்கா மீன்குழம்பு எப்பிடி வைக்கிறவ எண்டு சொல்லுங்கோ ஐயா, நானும் அப்பிடியே வைக்கிறன்.”