இரண்டு இடது கைகள்

தையல் வரிசையில் சட்டைக்குக் கை ஏற்றுவது அவள் வேலை. மெஷினின் ஒரு பக்கம் இடது கைகள், மறுபக்கம் வலது கைகள். எடுத்து, தோளின் வெட்டுக்குறியோடு பொருத்தி, மிதிக்க வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வாள் என்று பேர் வாங்கியவள்.

ஒரு வாரம் பகல், மறுவாரம் இரவு என்று ஷிஃப்ட் மாற ஆரம்பித்ததும் தூக்கம் அவளைக் கைவிட்டது. பகலில் படுத்தால் தகரக் கூரை கொதிக்கும். குழாயடியில் சண்டை நடக்கும். இரவில் படுத்தால் மண்டைக்குள் மெஷின் ஓடும். இன்று காலை குடத்தோடு குழாயடிக்குப் போய், எதற்கு வந்தோம் என்று நின்றாள். மகளைத் தங்கையின் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். எதை யோசித்தாலும் ஊசிக்காதில் நுழையாத நூல்போல முனை பிரிந்துகொண்டே போனது.

மதியம் செக்கிங் மேசையிலிருந்து ஒரு கட்டுச் சட்டை திரும்பி வந்தது. சூப்பர்வைசர் ஒன்றை விரித்துத் தூக்கிப் பிடித்தார். இரண்டு கையும் ஒரே பக்கமாக வளைந்து தொங்கின.

"ரெண்டும் இடது கை. யாருக்கும்மா இது, உன் வீட்டுக்காரருக்கா?"

வரிசை சிரித்தது. பக்கத்து மெஷின்காரி மட்டும், அக்கா ஒழுங்காகத் தூங்கி நாளாகிறது என்று முணுமுணுத்தாள். எல்லாருக்கும்தான் ஷிஃப்ட் மாறுகிறது, எல்லாருமா இப்படித் தைக்கிறார்கள் என்றார் அவர். அதற்கு ஒரு பதில் இருந்தது. நேற்றுவரை அவளுக்கு அது தெரியும். தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. எரிச்சலில் கண் கரித்தது.

"சார், என்னைப் பகல்லயே விட்டுடுங்க. மாத்தி மாத்தி வந்தா புத்தி நிக்க மாட்டேங்குது."

"நிக்கலன்னா நூல் வெட்டுற மேசைக்குப் போ."

அந்த மேசையிலிருந்து மெஷினுக்கு வர அவளுக்கு வருஷங்கள் ஆகியிருந்தன. கட்டு முழுவதிலும் தப்பான கைகளைப் பிரித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார் சூப்பர்வைசர். இன்றோடு பகல் வாரம் முடிகிறது.

"ராத்திரி ஷிஃப்டுக்கு நேரத்துக்கு வந்துடு. இன்னொரு தப்பு வந்தா நூல் மேசைதான். நடுவுல நல்லா தூங்கிட்டு வா."

மணி அடித்து எல்லாரும் போனார்கள். ஒரு சட்டையை மட்டும், நாலு பேர் பார்க்கட்டும் என்று சூப்பர்வைசர் அவள் தலைக்கு மேலே கம்பியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். அவள் பிளேடை எடுத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். நாலைந்து சட்டை தாண்டிய பிறகுதான் மடியைப் பார்த்தாள். சரியாக ஏறியிருந்த இடது கைகளெல்லாம் அங்கே கிடந்தன. வலது தோள்களில் தப்பான கைகள் அப்படியே இருந்தன.