பெட்ஷீட்டின் அந்தப் பக்கம்

"வியாழக்கிழமை வரும்போது தம்பியையும் கூட்டிக்கிட்டு வந்துடுங்க" என்று கிளினிக் நர்ஸ் போனில் சொன்னதிலிருந்து ரேடியோவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ரேடியோ என்பது அவன் பெயரில்லை. ஹோட்டலின் கீழ்த்தளத்தில் இருந்த சலவைக்கூடத்துக்கு அவன் முதல் நாள் வந்தபோது, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து சட்டைக்குள் போகும் மெல்லிய குழாய். "என்னய்யா, பாட்டுக் கேட்டுக்கிட்டேதான் வேலை பாப்பியா?" என்றார் சூப்பர்வைசர். அன்றே பெயர் ஒட்டிக்கொண்டது. அது இன்சுலின் பம்ப் என்று பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் ஒட்டிய பெயர் உரியவில்லை.

அந்தப் பெட்டி வருவதற்கு முன்னால், பழைய வேலையிடத்தில், அவன் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றில் ஊசி குத்திக்கொள்வான். யாராவது கதவைத் தட்டினால் ஊசியைப் பாதியில் உருவிக்கொள்வான். பெட்டி வந்த பிறகு அது தானாகவே சொட்டுச் சொட்டாக மருந்து விட்டது. கையில் ஒட்டியிருந்த சென்சார், சர்க்கரை இறங்கினால் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி அவனைக் கூப்பிடும். அவனைத் தேடிக் கூப்பிட இந்த ஊரில் வேறு எதுவும் இல்லை.

பெட்டி கொடுக்கும் நாளன்று நர்ஸ் கேட்டாள்: "வீட்டுல கூட யாரு இருக்கா? நீங்க மயங்கிட்டா என்ன செய்யணும்னு ஒரு ஆளுக்காவது தெரிஞ்சிருக்கணும்."

"தம்பி இருக்கான்."

தம்பி இருப்பது உண்மைதான். கூட இருப்பதுதான் பொய். தம்பி இருந்தது கடலுக்கு அந்தப் பக்கம், பெண்டாட்டி பிள்ளைகளோடு. எப்போதாவது போன் செய்து "சாப்டியா?" என்பான். "சாப்டேன்" என்பான் இவன். அதோடு பேச்சு தீர்ந்துவிடும். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்பார்கள். "தம்பிக்கு ஷிப்ட்டு", "தம்பிக்குக் காய்ச்சல்" என்று ஒவ்வொரு தடவையும் ஒன்றைச் சொல்லிச் சமாளித்துக்கொண்டு வந்தான்.

இப்போது அது நடக்காது. இந்த வகைப் பெட்டிகள் சிலவற்றில், சத்தத்துக்குப் பதிலாக வைத்துக்கொள்ளும் அதிர்வு குறைந்துபோகிறது, அதை மட்டும் நம்ப வேண்டாம் என்று பெட்டியைச் செய்த கம்பெனிக்காரர்களே சொல்லிவிட்டார்களாம். "கூட ஒரு ஆள் வந்து கத்துக்கிட்டாத்தான் டாக்டர் பம்ப்பைத் தொடரச் சொல்வார். இல்லேன்னா பழையபடி ஊசிதான்" என்றாள் நர்ஸ்.

அவனோ முழுக்க அதிர்வை நம்பித்தான் இருந்தான். அதற்குக் காரணம் அக்கா.

அக்கா என்றால் உடன்பிறந்தவள் இல்லை. சலவைக்கூடத்தில் துணி மடிப்பவள். எல்லோருக்கும் அக்கா. பெட்டி "பீப் பீப்" என்று கத்தியதும், காய வைக்கும் மெஷின் முடிந்த சத்தம் என்று நினைத்து, ஓடிப் போய்க் கதவைத் திறந்து ஈரத் துண்டுகளை வாரி வெளியே போட்டுவிடுவாள். இரண்டும் ஒரே குரல். மூன்றாவது தடவை நனைந்த மூட்டையைப் பார்த்த சூப்பர்வைசர், "ஒண்ணு இவன் கத்தணும், இல்ல மெஷின் கத்தணும்" என்று தீர்ப்புச் சொன்னார். ரேடியோ சத்தத்தை அணைத்து அதிர்வில் வைத்தான்.

ஆனால் பெட்ஷீட்டை இழுத்துத் தேய்க்கும் உருளை மெஷின் ஓடும்போது தரையே அதிரும். அதன் மேசையில் வயிற்றைச் சாய்த்து நிற்பவனுக்கு இடுப்பில் ஒரு பெட்டி துடித்தால் என்ன தெரியும்? யானை முதுகில் ஈ உட்கார்ந்த மாதிரி. உடம்பு வியர்த்தால் சர்க்கரை இறங்குகிறது என்று கண்டுபிடிக்கலாம் என்பார்கள். நீராவி சூழ்ந்த அந்த அறையில் வியர்க்காதவர் யார்? இது எதையும் அவன் நர்ஸிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை மதியம். அந்த வாரம் ஹோட்டலில் கூட்டம். மலை மலையாகப் பெட்ஷீட். முழுச் சாப்பாட்டுக்கும் உரிய மருந்து கணக்காக உள்ளே போய்விட்டது; சாப்பாடு மட்டும் பாதியில் நின்றது, சூப்பர்வைசர் கூப்பிட்டதால். பெரிய பெட்ஷீட்டை ஒரு ஆள் மடிக்க முடியாது. அவன் இந்தப் பக்கம் இரண்டு முனை, அக்கா அந்தப் பக்கம் இரண்டு முனை. உதறி, மடித்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, திரும்பப் பின்னால் போக வேண்டும். வருடக்கணக்காக இப்படித்தான். மடிக்கும்போது பேச்சே கிடையாது. கால்களுக்கே வழி தெரியும்.

அன்று முனைகள் சேரவில்லை.

"என்ன ரேடியோ, கோணலா வர்ற? தண்ணி போட்டியா?" அக்கா சிரித்தாள்.

அடுத்த பெட்ஷீட். மறுபடியும் கோணல். முனையை வாங்கும்போது அவள் விரல் அவன் விரல்மேல் பட்டது. சிரிப்பு நின்றது.

"என்ன இது, இந்த அனல்ல உன் கை ஐஸா இருக்கு?"

அவன் பெட்ஷீட்டை விட்டுவிட்டு அவளுடைய டீக்கப்பை நோக்கிக் கையை நீட்டினான். அவள் சட்டென்று கப்பைப் பின்னால் இழுத்தாள். "ஐயோ, இது என் டீ. அள்ளிப் போட்டிருக்கேன் சர்க்கரை. உனக்குத் தனியாப் போட்டு வச்சிருக்கேன், இரு."

சர்க்கரை இல்லாத டீயை இத்தனை நாள் அவனுக்காகத் தனியாகப் போட்டுக் கொடுத்தவள் அவள். அந்த அன்பேதான் இப்போது குறுக்கே நின்றது. அவனுக்கு நாக்கு புரளவில்லை. பாய்ந்து கப்பைப் பிடுங்கினான். பாதி அவள் மேல் கொட்டியது. மீதியை மடக்மடக்கென்று குடித்துவிட்டு, மேசையில் இருந்த சர்க்கரைப் பொட்டலங்களைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டே தரையில் சரிந்து உட்கார்ந்தான். அக்கா ஓடிப் போய் உருளை மெஷினை நிறுத்தினாள். தரை அதிர்வது நின்றதும்தான் இடுப்பில் பெட்டி துடிப்பது அவனுக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரமாகத் துடித்ததோ.

அக்கா வந்து அவன் எதிரே குந்தி உட்கார்ந்தாள். அவன் கண்ணில் வெளிச்சம் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

"சர்க்கரைக்காரனுக்குச் சர்க்கரையே குடுக்கணுமா? நான் உன்னைக் கொல்லப் பாத்தேனா?"

"இறங்கிட்டா குடுக்கணும். உங்களுக்கு எப்படிக்கா தெரியும்? நான்தான் யார்கிட்டயும் சொல்லலையே."

"வீட்டுல யாருக்குத் தெரியும்?"

"தம்பிக்கு..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தான். பிறகு தரையைப் பார்த்தான். "வீட்டுல யாரும் இல்லக்கா."

நீராவிக் குழாய் ஒருமுறை சீறி அடங்கியது. அக்கா எழுந்து கீழே கிடந்த பெட்ஷீட்டின் இரண்டு முனைகளை எடுத்துக்கொண்டாள். "சரி, தெம்பு வந்ததும் அந்தப் பக்கம் பிடி. மடிச்சுக்கிட்டே சொல்லு."

அவன் சொன்னான். ஒரு முனை சேரும்போது எந்தப் பட்டனை அழுத்தினால் மருந்து நிற்கும் என்று. அடுத்த முனைக்கு, எவ்வளவு சர்க்கரை கொடுக்க வேண்டும் என்று. "நெனப்பே இல்லாமக் கிடந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க." அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவர்கள் பேசியதெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

வியாழக்கிழமை அக்காவோடு கிளினிக்குக்குள் நுழைந்தவனை நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "தம்பி வரலையா?"

"தம்பி இங்க இல்லை, சிஸ்டர். எப்பவுமே இருந்ததில்லை. இவங்க பெட்ஷீட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்க."

நர்ஸ் திட்டத் தொடங்கினாள். அக்கா குறுக்கே புகுந்தாள். "திட்டுறதை அப்புறம் வச்சுக்கங்கம்மா. முதல்ல அந்தப் பெட்டியில சத்தத்தை வைங்க. ஈரத்துண்டு போனாப் போகட்டும்."

அதிர்வு சரியில்லாத பெட்டியை நர்ஸ் மாற்றிக் கொடுத்தாள். சத்தம் வைத்தாள். பிறகு தயங்கிக் கேட்டாள்: "வேலையில சரி. ரூம்ல?"

அக்காவுக்கு வீடு ஊரின் மறுகோடி. கிளினிக் வாசலில் பஸ் வரும்போதுதான் அவள் சொன்னாள்: "காலையில எந்திரிச்சதும் மிஸ்டு கால் குடுப்பேன். நீ கட் பண்ணணும். பண்ணலேன்னா, உன் ரூம் ஓனரை எழுப்பிக் கதவை உடைக்கச் சொல்லுவேன். அவர் நம்பரை எனக்குக் குடு."

மறுநாள் விடிந்தது. ரேடியோ முன்பே விழித்துவிட்டு, போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். மணி அடித்தது. உடனே கட் செய்ய வேண்டும். அவன் இன்னும் ஒரு தடவை அடிக்க விட்டுக் கேட்டான். பிறகு கட் செய்தான். அறை பழையபடி சும்மா கிடந்தது.